கற்பனை மானுக்குக் கொம்பும் குளம்பும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு வேஷ சாமான் எடுக்கும் செட்டுக்காரர்கள், ஆண்டு விழாவுக்கு ஆர்டர் தரும் டீச்சர்மார், சொந்தமாக எழுதி வரைந்த கதைக்கு உருவம் கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். கொஞ்ச காலமாகக் கற்பனை மான் ஆர்டர்கள் கூடி வருகின்றன. மான் தலையும் மனித உடம்புமாக ஒன்று, தோள் வரை கவை விரிந்த கொம்போடு ஒன்று, உப்பளத்தில் வாழும் மான் என்று ஒன்று. கேட்கவே எங்களுக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். கொம்புக்கு என்ன கலர், குளம்புக்கு என்ன கலர்?

கொம்பின் நிறத்தை மான் வாழும் மண்ணிலிருந்து எடுங்கள், குளம்பின் நிறத்தை மானின் தோலிலிருந்து எடுங்கள் என்பதுதான் எங்கள் பட்டறையில் சொல்லும் பதில். இது ரசனைக்காகச் சொல்வதில்லை. நிஜ மானுக்கு அப்படித்தான் நடக்கிறது.

புள்ளிமானுக்கும், மிளா என்கிற பெரிய மானுக்கும் தலையில் இருப்பது எலும்பு. கிடாவுக்கு மட்டும்தான் முளைக்கும். வளரும் காலத்தில் அதன் மேல் மெல்லிய ரோமத்தோல் போர்த்தியிருக்கும், அதற்குள் ரத்தம் ஓடும். வளர்ச்சி முடிந்ததும் தோல் காய்ந்து உரியும். மான் மரத்திலும் புதரிலும் கொம்பைத் தேய்த்துத் தேய்த்து அதைக் கழற்றும். தோல் கழன்ற புதிதில் எலும்பு வெளுப்பாகத்தான் இருக்கும். நாம் பார்க்கிற பழுப்பு, தேய்த்த மரத்தின் பட்டைச் சாறும் மண்ணும் காய்ந்த ரத்தமும் சேர்ந்து ஏறிய கறை. அடியில் கரடுமுரடும் பள்ளமும் அதிகம், கறை அங்கே தங்கும். நுனி ஓயாமல் உரசுவதால் வெளுத்துப் பளபளக்கும். பிறகு ஒருநாள் கொம்பு முழுசாக உதிர்ந்து, புதிது முளைக்கும்.

குளம்பு வேறு சங்கதி. அது நம் நகம் போல கெரட்டின். மேலே தோலும் குளம்பும் சேரும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. அந்த விளிம்பில் தோல் கறுப்பாக இருந்தால் குளம்பும் கறுப்பாக இறங்கும், வெளுப்பாக இருந்தால் பெரும்பாலும் வெளிறி இறங்கும். காலில் வெள்ளை விழுந்த மாட்டையோ குதிரையையோ அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

அதனால்தான் ஆர்டர் எடுக்கும்போது "உங்கள் மான் எங்கே மேய்கிறது?" என்று முதலில் கேட்கிறோம். சிலர் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலில்தான் பாதி வேலை இருக்கிறது. நம் சீமையிலேயே எத்தனை மண்! உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி என்கிற செம்மணல் காட்டில் வாழும் மான் என்றால் கொம்பின் அடியிலும் பள்ளங்களிலும் செக்கச் செவேலென்று காவி ஏறியிருக்க வேண்டும், நுனி மட்டும் வெயிலில் வெளுத்த எலும்பு நிறம். பொதிகை மலை மழைக்காட்டு மான் என்றால் கருந்தவிட்டு நிறத்தின் மேல் ஒரு பக்கம் மட்டும் பாசிப் பச்சை. ஒரு பக்கம் மட்டும் என்பது முக்கியம். சுற்றிலும் பச்சை பூசினால் பெயிண்ட் டப்பாவில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மான் என்றால் சாம்பல் கலந்த கறுப்பு, அதில் வெடித்த மண் மாதிரி மெல்லிய கீறல்கள். தாமிரபரணிக் கரை மருத மரத்தில் உரசுகிற மானுக்கு இளஞ்சிவப்பு ஓடும் பழுப்பு போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வல்லநாட்டு வெளிமான் மாதிரி முறுக்குக் கொம்பு கேட்பவர்களுக்கு இந்த விதி மாறும். அது உதிராது, கவை விடாது. உள்ளே எலும்பு இருந்தாலும் வெளியே தெரிவது குளம்பைப் போன்ற கெரட்டின்தான். ஆகவே அந்த வகைக் கொம்புக்கும் குளம்புக்கும் ஒரே நிறக் குடும்பம் கொடுங்கள். கறுப்புக் கொம்பு, கறுப்புக் குளம்பு. நீலத் தோல் என்றால் இரண்டுமே கருநீலம். கவைக் கொம்பையும் முறுக்குக் கொம்பையும் ஒரே தலையில் வைக்கச் சொல்லிக் கேட்பதும் உண்டு. செய்து தருவோம், ஆனால் இரண்டுக்கும் நிறம் தனித்தனியாகத்தான் வரும்.

அடுத்து, பளிங்கும் பொன்னும் ரத்தினமும். கொம்பு முழுக்கத் தங்கம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் சீதை ஆசைப்பட்ட மாய மானை நினைவுபடுத்துகிறோம். வால்மீகி அந்த மானை வருணிக்கும்போது கொம்பின் நுனிகளைத்தான் மணி என்கிறார், குளம்பை வைடூரியம் என்கிறார். பொன்மானுக்கே ரத்தினம் நுனியில் போதுமானதாக இருந்திருக்கிறது! மேடை விளக்கில் முழுத் தங்கக் கொம்பு ஒரே தட்டையாகத் தெரியும். எலும்பு நிறத்தில் தொடங்கி, மேடான வரிகளில் மட்டும் தங்கம் தொட்டு, நுனியில் முழுமையாக ஏற்றினால் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் மின்னும். அதே மாதிரி வைடூரியக் குளம்பு என்றால் பழுப்பு மஞ்சளின் நடுவே ஒரே ஒரு வெளிச்சக் கோடு மேலிருந்து கீழே ஓட வேண்டும். பூனைக் கண்ணில் தெரியும் கோடு அது.

பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தலையில் ஏறுகிற எதற்கும் முதல் கேள்வி கனம்தான். பிள்ளைகள் அணியும் ஜோடிக் கொம்பு பட்டையோடு சேர்த்து 300 கிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அதனால் அவற்றை ஈ.வி.ஏ. ஷீட்டில்தான் செய்கிறோம், ரப்பர் செருப்புக்கு அடிப்பாகமாகப் போடும் அதே வகை. வெட்டி, ரப்பர் பசையால் ஒட்டி, ஹீட் கன் சூட்டை மேற்பரப்பில் காட்டினால் துளைகள் மூடி இறுகும், பெயிண்டை உறிஞ்சாது. ஹாட் குளூ துப்பாக்கியால் ஒட்டியதை நம் ஊர் வெயிலுக்கு நம்ப முடியாது. சித்திரை மாதம் வெளியில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டு வந்தால் மூட்டு இளகி, கவை தொங்கிவிடும். 3டி பிரிண்டரில் எடுக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கும் 60 டிகிரி வாக்கில் நெகிழத் தொடங்கும். வெளியூரில் அச்சடித்துக் கொண்டுவந்து பெயிண்டுக்கு மட்டும் தருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். தெர்மகோலில் செதுக்கி வருகிறவர்கள் ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கவே வேண்டாம். அந்தக் கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும்.

பெரிய ஆட்கள் கட்டும் வேஷத்துக்குக் காகிதக் கூழ் நல்லது. பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்து, வெந்தய மாவும் பசையும் சேர்த்துப் பிசைந்து, மூங்கில் குச்சி எலும்புக்கூட்டின் மேல் அப்புவோம். எங்கள் பட்டறையில் எங்களுக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். கொம்பின் அடிவளையத்தில் மிளகு மிளகாகப் புடைத்திருக்கும் முண்டுகளை விரல் நுனியாலேயே எடுக்கலாம், எந்த அச்சும் வேண்டாம். ஆனால் நன்றாகக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் நின்றுவிட்டால் மேல் பூச்சு கொப்பளித்து உரியும். தசராவுக்கு வேண்டியவர்கள் ஆடி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள் என்று நச்சரிப்பது இதனால்தான்.

பளிங்குக் கொம்புக்கு எபாக்சி ரெசின் ஊற்றுகிறோம். பொம்மைக்கும் காட்சிக்கு வைப்பதற்கும் மட்டும். அது கனம், கீழே விழுந்தால் உடையும், வெயிலில் நாளாக ஆக மஞ்சளடிக்கும். ஒரே ஊற்றில் தடிமனாக ஊற்றினால் உள்ளுக்குள்ளேயே சூடேறி விரிசல் விடும் என்பதால் அடுக்கடுக்காகத்தான் ஊற்ற முடியும், விலை கூடுவதும் அதனால்தான். உப்பள மானுக்கு நிஜ உப்பை ஒட்டித் தரச் சொல்லாதீர்கள், காற்றில் ஈரம் ஏறினால் கசிந்துவிடும். படிகாரத்தை வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, நூல் சுற்றிய கொம்பை அதில் முக்கி அசையாமல் ஆறவிட்டால் நூலைப் பிடித்துக்கொண்டு படிகம் படிகமாக வளரும். மேலே வார்னிஷ் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அவ்வளவு அழகு. தலையில் கட்டி வியர்த்தால் கரைந்துவிடும்.

பூசும் முறையையும் சொல்லிவிடுகிறோம், வீட்டில் தாங்களே பெயிண்ட் அடித்துக்கொள்கிறவர்களுக்கு உதவும். முதலில் கொம்பு முழுக்க எலும்பு நிறம். வெள்ளையில் துளி மஞ்சள், துளிக்கும் குறைவாகப் பழுப்பு. நன்றாகக் காய்ந்த பிறகு கரும்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து ஒரு சாண் அளவு மட்டும் தடவி, ஈரம் காயும் முன்னே துணியால் துடையுங்கள். மேட்டில் இருப்பது வந்துவிடும், பள்ளத்தில் இருப்பது தங்கிவிடும். இப்படியே அடியிலிருந்து நுனிவரை போங்கள், மேலே போகப் போகக் கரைசலில் தண்ணீர் கூடட்டும். கடைசியாகத் தூரிகையில் எலும்பு நிறம் தொட்டு, பேப்பரில் ஒற்றி ஒற்றி ஏறக்குறைய காய்ந்த பிறகு, மேடுகளின் மேல் உரசினாற்போல ஓட்டுங்கள். தேரி மானோ கரிசல் மானோ, பழுப்புக்குப் பதில் அந்த மண்ணின் நிறத்தைக் கரைத்துக்கொண்டால் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் பரிந்துரை ரோமத்தோல் போர்த்திய இளங்கொம்பு. வளரும் பருவத்துக் கொம்புக்கு நுனி மழுங்கி உருண்டிருக்கும், பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்தாது. வெல்வெட் துணியால் போர்த்துகிறோம். அது தோல்தானே, ஆகவே நிறம் மானின் உடம்பு நிறமாகவோ அதைவிட ஒரு படி வெளுப்பாகவோ இருக்கட்டும். தோல் உரிந்து ரத்தம் சொட்டுவது போல வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால் செய்கிறோம், பள்ளிக்கூட ஆர்டருக்குச் செய்வதில்லை.

குளம்புக்கு வருவோம். பொம்மைக் குளம்பை அம்பாசமுத்திரம் மரச்செப்பு சாமான் மாதிரி கடைசல் பட்டறையில் உருட்டி எடுக்கிறோம். சுழலும் கட்டையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடும். குளம்பு மேலிருந்து வளையம் வளையமாக வளர்வதால் கடைசலில் வரும் வட்டக் கோடுகள் அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். அப்புறம் நடுவே வாளால் அறுத்தால் பிளந்த குளம்பு. ஒவ்வொரு காலின் பின்புறத்திலும் சற்று மேலே இருக்கும் இரண்டு சிறு குளம்புகளை விட்டுவிடாதீர்கள், அவை இல்லாவிட்டால் மான் காலில் ஏதோ குறைகிறது என்று தோன்றும்.

அரக்கின் பளபளப்பு வேண்டாம், மங்கலான கறுப்பு வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. மரக் குளம்பைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு, துருப்பிடித்த இரும்பும் கருப்பட்டியும் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரைத் தடவினால் கண் முன்னாலேயே கறுக்கும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு இழுப்பதும் கடுக்காயும் இரும்பும் சேரும் இதே முறையில்தான். பெயிண்ட் மாதிரி மேலே நிற்காமல் மரத்துக்குள்ளேயே இறங்குகிற கறுப்பு இது, தேய்ந்தாலும் உரியாது. உடன்குடிக் கருப்பட்டி மானின் காலுக்குப் போவதில் எங்களுக்குத் தனி சந்தோஷம்.

ஆட்கள் அணியும் குளம்பை கான்வாஸ் ஷூவின் மேல் மாட்டும் உறையாகத்தான் செய்கிறோம். குதிகால் தூக்கிய குளம்பு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கடற்கரை மணலிலும் மேடைப் பலகையிலும் கால் புரண்டுவிடும். அந்த ஆர்டரை எடுப்பதில்லை.

நிஜக் கொம்பைக் கொண்டுவந்து அச்சு எடுத்துத் தரச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பை உரிய சான்று இல்லாமல் வைத்திருப்பதும், அதை விற்பதும் குற்றம். காட்டில் தானாக உதிர்ந்து கிடந்ததை எடுத்தாலும் அப்படித்தான். தாத்தா காலத்துக் கொம்பு வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் பேசுங்கள், எங்களிடம் கொண்டுவர வேண்டாம். முண்டந்துறைப் பக்கம் போகும்போது சாலையோரம் நிற்கும் புள்ளிமானைத் தூரத்திலிருந்து பாருங்கள். அதன் தலையில் எங்கே கறுப்பு, எங்கே வெளுப்பு என்று மனதில் வாங்கிக்கொண்டு வந்து சொன்னால் எங்களுக்கு அதுவே பெரிய உதவி.

ஆர்டர் தரும்போது மான் வாழும் இடம், உடம்பின் நிறம், முழங்காலுக்குக் கீழே உள்ள தோலின் நிறம், அணிகிறவரின் தலைச் சுற்றளவு, ஆடுவாரா நிற்பாரா என்பது, இவ்வளவையும் எழுதித் தாருங்கள். படம் வரைந்திருந்தால் இன்னும் நல்லது, பென்சில் கிறுக்கலானாலும் பரவாயில்லை. பழைய கொம்புக்கு மறுபூச்சு வேண்டுமென்றால் துடைத்து, ஈரமில்லாமல் கொண்டு வாருங்கள். ஈ.வி.ஏ. கொம்புக்கு அன்றைக்கே வேலை தொடங்கிவிடலாம், காகிதக் கூழ் கொம்பை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாள் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து,
திருநெல்வேலி டவுண்