பனிச்சறுக்கில் ஒரு மணி நேரம் என்பது எத்தனை நிமிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில், விளையாட்டுகளையும் அவற்றால் செலவாகும் கலோரிகளையும் வரிசைப்படுத்தியிருந்த பட்டியலில் ‘பனிச்சறுக்கு: மணிக்கு 400 கலோரி’ என்ற ஒரே வரியைக் கண்டேன். அந்த எண் கற்பனையானதன்று. ஆனால் அது எந்த ஒரு மணி நேரத்தைக் குறிக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டதால், படிப்பவர் தவறாகக் கணக்குப் போட்டுக்கொள்ள இடம் தருகிறது.

இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் ‘மெட்’ என்னும் அலகைக் கொண்டே தயாரிக்கப்படுகின்றன. அசையாமல் அமர்ந்திருப்பவர் செலவிடும் ஆற்றல் 1 மெட். அதாவது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி (இத்தகைய பட்டியல்களில் வெறுமனே ‘கலோரி’ என எழுதப்படுவதும் இதுவே). உடலியக்கங்களுக்கான மெட் மதிப்புகளைத் திரட்டி ஆய்வாளர்கள் பயன்படுத்திவரும் தொகுப்பின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில், மலைச்சரிவில் மெதுவாகச் சறுக்குவதற்கு 4.3, மிதமாகச் சறுக்குவதற்கு 5.3, பந்தய வேகத்துக்கு 8 எனக் கொடுக்கப்பட்டுள்ளது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமாகச் சறுக்கினால் மணிக்கு சுமார் 370 கிலோ கலோரி செலவாகும். தங்கள் எண்ணும் இதை ஒட்டியதே. ஆனால் மிதமான சறுக்கலுக்கான அந்த மதிப்போடு, ‘சறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும்’ என்ற நிபந்தனையும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியல் எழுதப்படும்போது முதலில் உதிர்ந்துபோவது இந்த நிபந்தனைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சறுக்கு மலையில், காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நான் செய்தவற்றைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். 14 முறை இறங்கியிருந்தேன். ஓர் இறக்கத்துக்குச் சராசரியாக 5 நிமிடம், ஆக மொத்தம் 70 நிமிடம். மீதி 3 மணி 50 நிமிடமும், வரிசையில் நின்றதிலும், கம்பிவட இருக்கையில் கால்களையும் அவற்றோடு சறுக்குப் பலகைகளையும் அந்தரத்தில் தொங்கவிட்டபடி மேலே போனதிலும், காலணியின் கொக்கிகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கியதிலும், சாப்பிட்டதிலும் கழிந்திருந்தன. என் எடை அப்போது 70 கிலோ. பட்டியலை நம்பி 5 மணி நேரத்தைப் பெருக்கினால் 2,000 கலோரி வருகிறது. சறுக்கிய 70 நிமிடத்துக்கு 5.3 மெட்டும், மற்ற நேரத்துக்குத் தாராளமாக 1.5 மெட்டும் வைத்தால் கிடைப்பது சுமார் 835. அதிலும் 350 கலோரி, நான் வீட்டில் சும்மா அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியது.

‘தொடை எரிகிறதே, அது பொய்யா?’ என்று சறுக்கிப் பழகியவர்கள் கேட்கக்கூடும். எரிச்சல் உண்மை, ஆனால் அது கலோரிக்கு அளவுகோல் அன்று. சரிவில் நம்மை இறக்குவது புவியீர்ப்பு. நம் கால்கள் செய்வது பெரும்பாலும் பிரேக் பிடிக்கும் வேலை. முழங்காலை மடக்கி எடையைத் தாங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே விசை தருகிறது. தசை சுருங்கிச் செய்யும் வேலையைவிட இதற்கு ஆக்சிஜன் குறைவாகவே போதும், ஆனால் மறுநாள் வலி அதிகம். இறுகிய தசை இரத்த ஓட்டத்தைத் தடுப்பதாலும், உயரத்தாலும், கொஞ்சம் பயத்தாலும் இதயத் துடிப்பு ஏறிவிடுகிறது. துடிப்பை மட்டும் பார்த்துக் கலோரி சொல்லும் கைக்கடிகாரங்கள் இங்கே கூட்டிச் சொல்ல வாய்ப்பு உண்டு. குளிரில் தனியே கலோரி எரியும் என்பதும் உடல் நடுங்கினால்தான் குறிப்பிடத்தக்க அளவில் பொருந்தும். தக்க உடை அணிந்து சறுக்குபவர் நடுங்குவதில்லை.

70 கிலோ உடலை 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கான வேலை சுமார் 82 கிலோ கலோரி. கம்பிவட இருக்கையில் ஏறிப் போனால் அந்த வேலையை மோட்டார் செய்துவிடுகிறது. பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு அதே உயரத்தை நடந்தே ஏறுபவரின் தசைகளோ, செலவிடும் ஆற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுவதால், ஏற்றத்துக்கு மட்டும் 330 முதல் 410 கிலோ கலோரி வரை செலவிட வேண்டியிருக்கிறது.

சமதளத்திலும் மேடுபள்ளங்களிலும் நெடுந்தொலைவு செல்லும் ‘கிராஸ் கன்ட்ரி’ பனிச்சறுக்கும் அதே ஒற்றை வரியில் அடங்கிப்போனது எனக்குப் பெரிய குறையாகப்பட்டது. இங்கே கம்பிவடமும் இல்லை, சரிவின் தயவும் குறைவு. கால்களோடு தோள், முதுகு, வயிற்றுத் தசைகளும் கோல்களை ஊன்றித் தள்ளியாக வேண்டும். மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலே 9 மெட், அதாவது 70 கிலோ எடைக்கு 630 கிலோ கலோரி. பந்தய வேகத்தில் 15 மெட், 1,050 கிலோ கலோரி. வரிசையும் காத்திருப்பும் இல்லாததால் இங்கே ஒரு மணி நேரம் என்பது ஏறக்குறைய முழு மணி நேரமே. உடல் உள்வாங்கும் ஆக்சிஜனின் உச்ச அளவில் மிக உயர்ந்த மதிப்புகள் இந்த விளையாட்டு வீரர்களிடம் காணப்படுவதில் வியப்பில்லை. 1992 முதல் 1998 வரை எட்டு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற நார்வேயின் பியோர்ன் டேலிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 96 மில்லிலிட்டர் என்ற அளவு சொல்லப்படுகிறது. பயிற்சியில்லாத இளைஞர் ஒருவருக்கு அது 40-45 அளவிலேயே இருக்கும்.

ஆகவே, அப்பட்டியலை மீண்டும் வெளியிடும்போது சரிவுச் சறுக்கையும் நெடுந்தொலைவுச் சறுக்கையும் தனித்தனி வரிகளாகப் பிரித்து, எந்த எடைக்குக் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிப்பிட்டு, முதல் வரியின் பக்கத்தில் ‘சறுக்கும் நேரத்துக்கு மட்டும்’ என்ற சொற்களையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்