காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

ஆசிரியருக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. கம்பம், கூடலூரிலிருந்து குமுளி வழியாகக் கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகளில் இப்போது இருமல் சத்தம்தான். தார்ப்பாயை இறக்கிவிட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தால் ஒருவர் சளி எல்லோருக்கும் வந்துவிடும். காய்ச்சல் விட்டதும், கூலி போய்விடுமே என்று மறுபடி ஜீப் ஏறிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்.

ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரைச் சிதைக்கிறது. சளியோடு கிருமியை வெளியே தள்ளும் நுண்ணிய இழைகள் செயலிழக்கின்றன. போதாததற்கு, வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானே பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளணுக்களை மந்தமாக்கிவிடக்கூடும். அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்க வேறென்ன வேண்டும்? 1918 கொள்ளைக் காய்ச்சலில் பெரும்பாலோர் உயிரைக் குடித்தது இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான்.

அதற்காக முதல் நாளே மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதும் வீண். அது வைரஸை ஒன்றும் செய்யாது. விட்ட காய்ச்சல் திரும்பினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோட்டத் தொழிலாளர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசியும் அப்படிக் கொடுக்கலாமே? இரு மாநில சுகாதாரத் துறைகளும் சேர்ந்து சாரலுக்கு முன்பே முகாம் போடட்டும். ஆனால் ஜீப் கிளம்புவதற்கு முன், விடியற்காலையில் போட வேண்டும். பத்து மணிக்குப் போட்டால் ஊரில் ஆளே இருக்காது.

– ஒரு வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்