பையில் மீந்த எட்டு பென்னி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற மாதமே வந்துவிட்டது. கண்புரை அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்று மருத்துவர் சொல்லியிருந்ததால், மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இன்றுதான் நானே பேனாவை எடுத்திருக்கிறேன். உன் பேத்தி கல்லூரியில் அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘அராபி’ கதையைப் படிக்கிறாள் என்பதும், அந்தக் கதையைச் சொல்லும் பையனுக்குக் கடைசியில் என்னதான் விளங்கியது என்று உன்னைக் கேட்கிறாள் என்பதும் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தன. விடுதி மொட்டைமாடியில் நாம் ஓர் இரவு முழுக்க விவாதித்த கேள்வி அல்லவா அது! அன்று, ‘அந்தப் பெண்மேல் இருந்த மயக்கம் கலைந்தது, அவ்வளவுதான்’ என்று அடித்துச் சொன்னேன். அந்தப் பதிலை இன்று திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

இம்முறை கதையை மகள் வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது, என் காதில் விழுந்துகொண்டே இருந்தது காசுச் சத்தம்தான். தன் நண்பன் மேங்கனின் சகோதரிமேல் மயங்கி, அராபி என்னும் சந்தையிலிருந்து அவளுக்கு ஏதேனும் வாங்கி வருவதாக வாக்களித்த பையன், செலவுக்குக் காசு வேண்டி, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிவரை மாமாவுக்காகக் காத்திருக்கிறான். அவரோ சந்தையை மறந்தே போயிருக்கிறார். ஒருவழியாகக் கிடைப்பது ஒரு ஃப்ளோரின், அதாவது இருபத்து நான்கு பென்னி. காசு கொடுத்த கையோடு அவர் சொல்லத் தொடங்குவது, தன் குதிரையை விற்றுவிட்ட அரபியன் அதனிடம் விடைபெறும் பாட்டு! உயிரான ஒன்றுக்கும் விலை உண்டு என்பது சமையலறையிலேயே ஒலித்துவிடுகிறது. பையன்தான் அதைக் காதில் வாங்காமல் ஓடுகிறான். சந்தையை அடையும்போது பத்தாகப் பத்து நிமிடம். ஆறு பென்னிக் கட்டண வாசல் கண்ணில் படாததால், எங்கே மூடிவிடுவார்களோ என்ற பயத்தில், ஒரு முழு ஷில்லிங்கை, அதாவது பன்னிரண்டு பென்னியை, கொடுத்து உள்ளே நுழைகிறான். தேவாலயத்தில் பூசை முடிந்த பிறகு இருக்கும் அமைதியை அங்கே அவன் உணரும் அதே நேரத்தில், இரண்டு பேர் ஒரு தட்டில் காசு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அவன் சட்டைப்பையில் இரண்டு பென்னிகள் ஓர் ஆறு பென்னி நாணயத்தின்மேல் விழுகின்றன.

பூ வேலைப்பாடு கொண்ட தேநீர்க் கோப்பைகளின் முன்னால் எட்டு பென்னியோடு நிற்கும் பையனுக்கு முதலில் தெரிய வருவது காதலைப் பற்றிய உண்மை அன்று, தன் கைக்காசின் அளவு என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. கூட்டம் மிகுந்த கடைத்தெருவில், எதிரிகளின் நடுவே திருப்பலிக் கிண்ணத்தை ஏந்திச் செல்பவனாகத் தன்னை எண்ணிக்கொண்டவன் அவன். ஆங்கிலேய உச்சரிப்பில் இரண்டு ஆண்களோடு வீண் பேச்சுப் பேசிக்கொண்டிருக்கும் கடைக்காரப் பெண், கடமைக்காக அவனிடம் ‘ஏதாவது வேண்டுமா’ என்று கேட்கும்போது, அந்தக் கிண்ணம் உடைகிறது.

குறியீடுகளைப் பற்றி உன் பேத்தி பாடக்குறிப்பில் இருந்து எழுதி அனுப்பிய பட்டியலையும் கேட்டேன். பின்தோட்டத்து ஆப்பிள் மரம் ஏதேன் தோட்டம், துருப்பிடித்த சைக்கிள் பம்பு வற்றிப்போன மதநம்பிக்கை என்று ஒன்றுக்கொன்று நேர்ப்பொருள் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வீட்டில் முன்பு குடியிருந்து இறந்துபோன பாதிரியார் விட்டுச்சென்ற பம்பு முதலில் வெறும் பம்புதான். பையன் குடியிருக்கும் நார்த் ரிச்மண்ட் தெருவை முதல் வரியிலேயே ‘குருட்டுத் தெரு’ என்கிறார் ஜாய்ஸ். முட்டுச்சந்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சாதாரணச் சொல் அது. ஆனால் பையன் திரைச்சீலையை ஓர் அங்குலம் விட்டு இறக்கி, அந்த இடுக்கு வழியே அவள் வாசலைப் பார்க்கும்போதும், இறுதியில் விளக்குகள் அணைந்த மண்டபத்தின் இருளை அண்ணாந்து பார்க்கும்போதும், அந்தச் சொல் மெல்லக் கனம் ஏறுகிறது.

நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது கடைசி வாக்கியத்தைப் பற்றி. வீண்பெருமையால் விரட்டப்பட்டு எள்ளப்பட்ட ஒரு பிராணியாகத் தன்னைக் கண்டதாகவும், வேதனையாலும் கோபத்தாலும் கண்கள் எரிந்ததாகவும் அவன் சொல்கிறான். எரிந்த கண்கள் சிறுவனுடையவை; முதற்பாதியின் தீர்ப்போ வளர்ந்தவன் ஒருவனுடையது. அராபி என்ற பெயரில் டப்ளினில் உண்மையாகவே 1894 மே மாதத்தில், ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்டச் சந்தை நடந்தது. ஜாய்ஸுக்கு அப்போது வயது 12. கதையை எழுதியது 1905இல், 23ஆம் வயதில். கத்தோலிக்கர்கள் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவின் ஆங்கிலப் பெயரான ‘எபிஃபனி’ என்பதையே, உண்மை சட்டென்று விளங்கும் இத்தகைய கணங்களுக்கு அவர் சூட்டினார் என்றாலும், இந்தக் காட்சி அந்த ஒரே இரவில் முழுமையாகக் கிடைத்ததாக நான் நம்பவில்லை. அன்றிரவு அவனுக்குக் கிடைத்தது எரிச்சல் மட்டுமே. அதற்கான சொல் வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

மொட்டைமாடியில் நீ இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொன்னாய் என்று நினைக்கிறேன். நான்தான் காது கொடுக்கவில்லை. பேத்தியிடம் பட்டியலை மூடிவைத்துவிட்டு, அந்த ஃப்ளோரின் எங்கெங்கே செலவானது என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல். ரயிலுக்கு எவ்வளவு போயிருக்கும் என்பதை அவளே கண்டுபிடித்து எனக்கு எழுதட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்