ஹெர்ஷி பேர்ஸ் கணக்கு நோட்டு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ளவர்களுக்கு,

ஹெர்ஷி பேர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் சாதனைகளைத் தமிழில் எழுதிவந்த நோட்டு ஒருவழியாக முடிந்தது. பென்சில்வேனியாவில் சாக்லேட்டுக்குப் பேர்போன ஊரின் அணி. அமெரிக்கன் ஹாக்கி லீகில் 1938 முதல் ஆடுகிறது. லீக் சாம்பியனுக்குத் தரும் கால்டர் கோப்பை 13 முறை, கடைசியாக 2024இல். வட அமெரிக்காவின் முதல் நிலை ஹாக்கி லீகான என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழே உள்ள லீக் என்பதால் நன்றாக ஆடுகிறவர்கள் மேலே போய்விடுவார்கள். இங்கேயே கிடந்து ஆடியவர்களின் கணக்குதான் எனக்கு ருசி.

முதல் நன்றி, அரங்கில் என் பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு. பழைய ஹெர்ஷி வீரர் மைக் நைகொலுக் பெயருக்கு நேரே 686 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) என்று எழுதியிருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தவர், "அது லீக் முழுக்கச் சேர்த்து. நமக்கு ஆடினதில் 636தான்" என்றார். 972 ஆட்டங்கள், 14 சீசன், விரல்விட்டுச் சொன்னார். அடுத்த ஆட்டத்துக்கு வரும்போது செருப்புப் பெட்டி நிறையப் பழைய மேட்ச் புரோகிராம்களை என் மடியில் வைத்தார். ஓரமெல்லாம் பென்சிலில் கோல் அடித்தவர் பெயர், நிமிடம். ஒன்றில் காப்பி டம்ளர் வட்டம்.

எக்செல் போட்டுக்கொடுத்த ஆபீஸ் நண்பா, உனக்கும். 2009-10 அணி 80 ஆட்டத்தில் 60 வெற்றி, 123 புள்ளி. 2023-24 அணி 72 ஆட்டத்தில் 53 வெற்றி, 111 புள்ளி. பழையதே மேல் என்று அடித்துச் சொன்னேன். வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற கணக்கில், கிடைக்கக்கூடிய புள்ளியில் எவ்வளவு வாங்கினார்கள் என்று நீ வகுத்துக் காட்டினாய்: 76.9 சதவீதம், 77.1 சதவீதம். மயிரிழையில் புதியது மேல். மனசு இன்னும் ஒப்பவில்லை.

கியூபெக்கில் வளர்ந்த எதிர்வீட்டு அம்மா இல்லையென்றால், 2008-09இல் ஒரே சீசனில் 60 கோல் போட்ட அலெக்சாந்தர் ஜிரூவை (Giroux, கடைசி x ஒலிக்காது) 'ஜிராக்ஸ்' ஆக்கி நகல் கடையில் உட்கார வைத்திருப்பேன்.

2025 ஜனவரியில், நன்கொடைக்காக ரசிகர்கள் பொம்மை எறியும் ஆட்டத்தில், ஐஸ்மேல் மழையாய் விழுந்த கரடி பொம்மைகள் 1,02,343. அதில் ஒன்று என் மகள் எறிந்தது. "இதுவும் ரெக்கார்டுதானேப்பா" என்று மல்லுக்கட்டிக் கடைசிப் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். மூன்று மாதம் சாப்பாட்டு மேசையை என்னிடம் விட்டுவிட்டுத் தரையில் இலை போட்ட அவள் அம்மாவுக்கு, மேசை இன்று முதல் உன்னுடையது.

பெரியவரே, பெட்டி பத்திரம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு எடுத்துவருகிறேன். காப்பி வட்டம் உங்களுடையது, என்னுடையதல்ல.