மிச்சப் பேப்பர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டுவலி தேவலை.

2018-ல் வாஷிங்டனில் நீ கூட்டிப்போன நியூசியம் என்கிற பத்திரிகை மியூசியத்தை 2019 டிசம்பர் 31-ஆம் தேதியே மூடினது எனக்குத் தெரியும். ஆனால் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பொறித்திருந்த அந்த 74 அடிக் கல்லையும் பெயர்த்து பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று நேற்று போனில் சொன்னாயே, மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு நீங்கள் பெர்லின் சுவர்த் துண்டுகளைப் பார்க்க உள்ளே ஓடினீர்கள். நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். கண்ணாடிக்குள் அன்றைய பேப்பர்களின் முதல் பக்கம், மாநிலத்துக்கு ஒன்று. நம் டீக்கடை வால்போஸ்டர்தான், அங்கே சணல் கயிறு இல்லை, அவ்வளவே. முப்பது வருசம் பேப்பர் ஏஜென்டாக இருந்தவனுக்கு இதைவிட என்ன வேடிக்கை? விடியக்காலம் மூணு மணிக்கு ஜங்ஷனில் கட்டு இறங்கும். இணைப்பைச் சொருகிச் சொருகி விரலெல்லாம் மை. அதோடு தட்டில் கை வைத்தால் உங்கம்மா ஏசுவாள்.

கக்கூஸ் சுவர் ஓட்டில்கூட, பேப்பர்காரர்கள் தப்பாகப் போட்ட தலைப்புகளைப் பதித்திருந்தார்களே! மாப்பிள்ளை படித்துச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் ஒருநாள் பழைய இணைப்பைச் சொருகி அறுபது வீட்டுக்குப் போட்டவன் அல்லவா.

வேலையில் உயிரை விட்ட பத்திரிகைக்காரர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல், பெயர் பெயராக எழுதியிருந்த கண்ணாடிச் சுவர்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. போன ஞாயிறு எட்டயபுரத்தில் பாரதி வீட்டுக்குப் போனபோதும் அதே நினைப்பு. 1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ பத்திரிகையில் எழுதினது பாரதி. 1908-ல் ராஜதுரோக வழக்கு வந்தபோது போலீஸ் பிடித்தது, ஆசிரியர் என்று பதிந்திருந்த சீனிவாசனை. அங்கே போட்டோ எடுத்துக்கொண்டிருந்த பையன்களிடம் அவர் பெயரைச் சொன்னேன். முழித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

ஏட்டி, ஒரு விசயம். மிச்சப் பேப்பரை எடைக்குப் போட்டுத்தான் உனக்கு பீஸ் கட்டினேன். ஆனாலும் சிலதைப் போடவில்லை. 1992 தாமிரபரணி வெள்ளம், 2004 சுனாமி, எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது பெட்டியும் முங்கியது. வெள்ளச் செய்தியை வெள்ளமே வந்து வாசித்துவிட்டுப் போனது. மாடியில் ஒவ்வொரு தாளாக விரித்து, கல் வைத்துக் காயப்போட்டேன். பழுத்து, மடிப்பில் உதிர்கிறது.

அந்த நியூசியத்தில் இழுப்பறையை இழுத்தால் எத்தனையோ வருசத்துப் பேப்பர் கசங்காமல் கிடந்ததே. அதற்கு என்ன உறை போடுகிறார்கள் என்று விசாரித்து, பொங்கலுக்கு வரும்போது பத்து வாங்கி வா. அளவு எழுதியிருக்கிறேன்: விரித்தால் முழுப் பேப்பர், மடித்தால் பாதி. உறை மடித்த அளவுக்குப் போதும்.

அப்பா