அட்டியலைக் கறுக்கவைத்தது பற்றி உங்கள் கண்டிக் கிளை மீது புகார்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கண்டிக் கிளைக்கு அலைந்து ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். ரசீதின் பிரதி இணைத்துள்ளேன். விபரமெல்லாம் உங்கள் கம்பியூட்டரில் இருக்கும், போனை எடுத்த ஒவ்வொருவரிடமும் நான் ஒப்பித்ததே போதும்.

புதிதாகச் செய்த நீலக்கல் தோட்டில் குறையில்லை, மகளுக்கும் பிடித்திருக்கிறது. பிரச்சினை அட்டியல். எங்கள் அம்மாயியின் சிவப்புக்கல் அட்டியலைப் பொலிஷ் போட்டு, கொக்கியை மாற்றத்தான் தந்தேன். திரும்பி வந்தபோது நடுப்பதக்கத்தின் கற்கள் பாதி கறுத்துக் கிடந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் ஈரம் ஊறிய கறை தெரிகிறது.

ஹட்டனில் ஒரு பத்தர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததுமே, "மெஷின்ல போட்டுக் கழுவிட்டாங்க" என்றார். அந்தக் காலத்து நகையில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். உள்ளே அரக்கு, கல்லுக்கடியில் பளபளப்புக்காக மெல்லிய தகடு. தண்ணீர் இறங்கினால் தகடு கறுத்துவிடும், கல்லும் ஒளி இழந்துவிடும். நகைக்கடைக்காரர் உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது!

உங்கள் கவுண்டரில் இருப்பவரோ, மாணிக்கம் வைரத்துக்கு அடுத்த கடினம், மெஷினில் ஒன்றும் ஆகாது என்று பாடம் நடத்தினார். சரி, கல் தாங்கும். தகடு தாங்குமா? அதைக் கேட்டதும், "தோட்டத்துப் பக்கத்துப் பழைய நகைதானே, எல்லாம் கண்ணாடிக் கல்லாத்தான் இருக்கும்" என்றார், நாலு பேர் முன்னால். ஒரே மூச்சில் மாணிக்கம், அடுத்த மூச்சில் கண்ணாடி. கூலி எழுதும்போது எதுவாக இருந்ததாம்? கொழுந்து பறித்த காசில் அம்மாயி சேர்த்த நகை அது. அந்த வார்த்தையை நான் மறக்கப் போவதில்லை.

வேலை செய்தவரை நேரில் பார்க்கலாம் என்று வரச் சொன்னதும் அவர்தான். கொட்டும் மழையில் கினிகத்தேனை வழியாக பஸ் பிடித்து வந்தால் கடை பூட்டு. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை! சுவரில் தொங்குவது உங்கள் கடை கொடுத்த கலண்டர்தான், அதில்கூடப் பார்த்துச் சொல்ல முடியவில்லையா?

அப்புறம் எடை. ரசீதில் "அட்டியல் 1" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், கிராம் கணக்கே இல்லை. இப்போது கையில் இலேசாகத் தெரிகிறது. கேட்டால் அரக்கு உதிர்ந்திருக்கும் என்கிறார்கள். இன்று பதினைந்து இலட்சம் கொடுத்தாலும் இப்படி ஒன்று கிடைக்குமா? மகளின் கல்யாணமே கெட்டுப்போகிற மாதிரி இருக்கிறது.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. என் தோடும் வளையலும் உங்கள் கடையில் எடுத்தவைதான். தயவுசெய்து பழைய வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, அதே கற்களைக் கழற்றி, தகடு மாற்றிக் கட்டித் தாருங்கள். புதுக்கல் வேண்டாம். என் முன்னால் எடை போட்டு எழுதித்தான் இந்த முறை நகை கை மாறும்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று நீங்கள் நாள் கடத்துவது எதற்கென்றும் புரிகிறது. தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபைக்கும் ஒரு பிரதி போகும்.

கவுண்டரில் இருக்கும் அவரை மட்டும் என்னுடன் பேச விடவேண்டாம்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளர்