சாளை மீன் மதினிக்கும் மற்ற எல்லோருக்கும்

பறவைகள் வந்து கூடு கட்டும் நம் கூந்தன்குளத்துக்காரர்களுக்கும், சேதி கேட்டு ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

அந்த ராத்திரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடை மழைக்கு ஏங்கிக் கிடந்தோம். அது காற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. விடிந்ததும் குளத்துக் கருவேல மரங்களுக்கு அடியிலும் தெருப் புளியமரத்தடியிலும் பறவைக்குஞ்சுகள் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். அவற்றை அள்ளி வந்ததும் நீங்கள்தான்.

அள்ளி வந்த பிறகுதான் பெரும்பாடு. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுக்குத் தாய்ப்பறவை இறங்கி வந்து ஊட்டாது. வலைக்கூண்டுக்குள் வாயைப் பிளந்து கத்துகிற நாரைக்குஞ்சுக்கும் கூழைக்கடாக் குஞ்சுக்கும் மீனுக்கு எங்கே போவது? குளமோ வற்றிக்கொண்டு வருகிறது. கடலிலோ தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு இறங்காது. நாட்டுப்படகில் போகிற வள்ளக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன், அதுவும் ஆனை விலை குதிரை விலை.

உவரிக் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் மதினியை உங்களுக்குத் தெரியும். அன்று அவர் தெருவில் கூவவில்லை. நேரே கூண்டுக்கு வந்து தலைச்சுமையை இறக்கினார். சாளையில் பொடியாகப் பார்த்துப் பொறுக்கி வாளித் தண்ணீரில் போட்டார். குஞ்சுகள் கத்துகிற கத்தலில் எனக்குப் பொறுக்கவில்லை, ஒன்றை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"ஐஸ் வச்ச மீனு மக்கா. பச்சப்புள்ள வயிறு தாங்குமா? குளுமை போவட்டும்."

அப்புறம் வாலைப் பிடித்து ஒவ்வொன்றாக நீட்டினார். தலை முந்தி உள்ளே போக வேண்டுமாம். வால் முந்தினால் செவுளும் துடுப்பும் தொண்டையில் குத்துமாம். காலில் அடிபட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்த நாரைக்குஞ்சை மடியில் வைத்து, சேலை முந்தானையால் அதன் கண்ணை மூடி ஊட்டினார். அது விழுங்கும்போது கழுத்தில் மீன் இறங்கியது வெளியிலிருந்தே தெரிந்தது. பணத்தை நீட்டினேன். "அதுக தின்னதுக்கு ஒங்கிட்டத் துட்டு வாங்கவா?" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டார். அன்றோடு நிற்கவுமில்லை. கரையில் சொல்லிவைத்து, ஏலத்தில் கழிந்த பொடிமீனை இதற்கென்றே வாங்கி வருகிறார்.

எங்களுக்குப் பறவையோடு இருப்பது பழைய உறவு. அரசு 1994இல் சரணாலயம் என்று அறிவித்தது. தீபாவளிக்கு வெடி போடாத வழக்கம் எங்களுடையது. எச்சம் ஊறிய குளத்து வண்டலை வயலுக்கு அடித்துப் பலனும் கண்டிருக்கிறோம். மதினிக்கு என்ன வந்தது? கரையில் மீன் காயப்போடுகிறவர்களுக்குப் பறவை என்றாலே விரட்ட வேண்டிய ஒன்றுதான். இதைக் கேட்டால் சிரிப்பார், பதில் வராது.

மற்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி: டார்ச் விளக்கோடு சகதியில் இறங்கிய பையன்கள், பழஞ்சேலை தந்த பெண்கள், கூடு இருந்த கிளையை வெட்டாமல் கம்பியை ஒதுக்கிக் கட்டிய மின்வாரியத் தம்பிகள், இறக்கைக்குக் கட்டுப் போட்ட கால்நடை மருத்துவர், தூங்காத வனக்காவலர்கள். பேர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிழைத்தவை இறக்கையை விரித்துப் பழகுகின்றன. மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பிடிப்பதற்குள் பெரும்பாலானவை பறந்துவிடும் என்கிறார்கள்.

மதினி பணம் வாங்கப்போவதில்லை. அதனால் பஸ் நிற்கிற வேம்படியில், யார் கையையும் எதிர்பார்க்காமல் அவர் சட்டியை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி கட்டலாம் என்றேன். இறந்தவர் நினைவாக வைப்பதை உயிரோடு இருப்பவருக்கு வைப்பதா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சரி, திண்ணை என்றே வைத்துக்கொள்வோம், கொஞ்சம் உயரமாகக் கட்டுவோம். மிச்சச் செங்கல் கிடப்பவர்களும் கொத்து வேலை தெரிந்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். மதினிக்கு இந்த மடலை வாசித்துக் காட்டுகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். தெரிந்தால் வேறு பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.